பழனிக்கு வந்த வண்டி

முருகன் துணை.

கண்ணு, அத்தை எழுதறேன். எல்லாரும் நல்லா இருக்கோம்.

குடியிருக்கற ஊடு நமக்கே சேரணும்னு போட்ட குடிகிடப்பு மனுவுக்கு, நாங்க இங்க இருக்கறதை ஆப்பீசர் வந்து பாக்கற வரைக்கும் ஊட்டைப் பூட்டிட்டு எங்கயும் போகாதீங்கன்னு நீ சொன்னதை நான் மறக்கல. ஆனா ஊட்டுச் சொந்தக்காரரே வந்து, "ஏம்மா, தைப்பூசத்துக்கு என்ர வண்டியிலயே பழனி போயிட்டு வாங்க. அதுக்குள்ள ஊட்டுக்கு வெள்ளையடிச்சு வெக்கறேன்"னாரு. முருகன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சாவியையும் குடுத்துட்டேன். அப்பயிருந்து உங்க மாமன் எங்கூடப் பேசல.

இப்ப வண்டி வாசல்ல நிக்குது. வெள்ளையடிக்க நாலு பேர் வந்திருக்காங்க. சுண்ணாம்பு எங்கீங்கன்னு கேட்டேன். அவங்க கையில கடப்பாரைதான் இருக்குது.

மாமன் உள்ள போயி உக்காந்துட்டாரு. இதைப் பால்காரர்கிட்டக் குடுத்துட்டு, நானும் உள்ள போயித் தாப்பாள் போட்டுக்கறேன். முருகனை அடுத்த வருசம் பாத்துக்கலாம்.

நீ சீக்கிரம் வா சாமி.

உன்ர அத்தை