இலைக்கடையில் உட்கார்ந்திருந்த நாள்

நாளைக்கு உங்களுக்கு வருஷத் திதி. இலை வாங்க இன்று காலை டவுன்ஹால் பக்கத்துப் பழைய மார்க்கெட்டுக்குப் போனேன். வாசலைத் தாண்டியதுமே அந்த வாடை வந்துவிட்டது. நனைந்த சாக்கு, கொத்தமல்லி, வாழைச்சருகு எல்லாம் சேர்ந்து தகரக் கூரைக்கு அடியில் தேங்கி நிற்கும் வாடை. அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் மூட்டையோடு வந்தவர், "ஓரமா நில்லுங்கம்மா" என்றார். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நீங்கள் ரிட்டயர் ஆன பிறகு ஞாயிறுதோறும் சூலூரிலிருந்து பஸ் ஏறி இங்கே வருவோம். வீட்டுப் பக்கத்திலேயே காய் கிடைக்கிறதே என்றால் கேட்க மாட்டீர்கள். பட்டறையில் வேலை பார்த்த கண் உங்களுக்கு. நான் கத்தரிக்காய் பொறுக்கும்போது நீங்கள் அண்ணாந்து நிற்பீர்கள். "எத்தன மழ பாத்த கூரை அம்மணி, ஒரு ரிவெட்டு கழரலயே."

பிறகு மறதி வந்தது. முதலில் கடைக்காரர்களின் பெயர், அப்புறம் பேத்தியின் பெயர். இனி தனியாக விடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. அதனால்தான் அந்த ஞாயிறும் உங்களைக் கூட்டி வந்தேன். வெங்காயம் எடை போட்டு முடித்துத் திரும்பினால் உங்களைக் காணோம்.

இரண்டு மணி நேரம் தேடினேன். கடைசியில் மூலையில் ஓர் இலைக்கடையில் சாக்கின் மேல் உட்கார்ந்து, ஈரத் துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "உங்களோட பெரிய ரோதனையாப் போச்சு" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். நீங்கள் இலையைக் கீழே வைத்துவிட்டு என்கூட வந்தீர்கள்.

மறுநாளே வீட்டு கேட்டுக்குப் பூட்டு வாங்கினேன்.

தினமும் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டருகே நிற்பீர்கள். "மார்க்கெட்டுக்குப் போலாமா அம்மணி?"

"நாளைக்குப் போலாங்க."

மாதக்கணக்கில் இதையே சொன்னேன். ஒரு நாள் நீங்கள் செருப்பைத் தேடவில்லை. அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவுமில்லை.

இன்றைக்கு அதே கடைக்குத்தான் போனேன். வேண்டுமென்று போனேனா, கால் போனதா, தெரியவில்லை. இலை விற்கும் அந்தம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"எத்தன எலைங்க? விசேசமுங்களா?"

"திதிங்க. ஊட்டுக்காரருக்கு."

நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். "அன்னிக்கு இங்க உக்காந்திருந்தாரே, அவருங்களா?"

தலையசைத்தேன். இலையை எண்ணிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"பேரு கேட்டாலும் ஊரு கேட்டாலும் சொல்லத் தெரியல. நாந்தானுங்க பயந்துபோட்டேன். அவரு பயப்படவே இல்லீங்க. 'எங்கூட்டுக்காரி வருவா, அவளுக்கு இந்த மார்க்கெட்டு அத்துப்படி'ன்னு சொல்லிப்போட்டு, சும்மா உக்காந்திருக்க முடியாம எலையத் தொடச்சிட்டிருந்தாரு."

யாரோ யாரைப் பற்றியோ பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் ஏனுங்க கூட்டியாரவே இல்ல?"

"முடியாமப் போச்சுங்க" என்றேன்.

அந்தம்மா இலைகளைச் சுருட்டி வாழைநாரில் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு உக்கடம் வந்து பஸ் ஏறினேன்.

பூட்டைப் பற்றி அந்தம்மாவிடம் சொல்லவில்லை. மகனிடமும் சொன்னதில்லை. அப்பாவே வெளியே போவதை விட்டுவிட்டார் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். நாளைக்குப் படையலுக்கு வருவான். சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. சொல்வேனா என்று தெரியவில்லை.

நான் வருவேன் என்று அந்த இரண்டு மணி நேரமும் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தீர்களாம். வந்தவள்தான் பூட்டு வாங்கினாள். உங்களுக்கு அது கடைசிவரை புரியாமலே இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். எனக்குப் புரிந்திருக்கிறது. அது போதும்.