நடுக்குளத்து ஜெபம்

1911 டிசம்பர், சனிக்கிழமை இரவு.

சபை உபதேசியாராக இருக்கிற என் மைத்துனரை இனி எந்த நல்ல காரியத்துக்கும் அழைக்கப்போவதில்லை.

மகள் கிருபையைப் பார்க்க வள்ளியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் அவள் தலை நிமிர மாட்டாள். குளம் நிறைந்து மறுகால் பாய்கிறதே, சாயங்கால வெளிச்சத்தில் தோணியில் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். மாப்பிள்ளையையும் அவளையும் எதிரெதிரே உட்காரவைத்ததும், மாப்பிள்ளையின் அம்மாவையும் என் மனைவியையும் மைத்துனரையும் கூட ஏற்றிக்கொண்டதும் நான்தான்.

நடுக்குளத்தில் தண்ணீரெல்லாம் பொன்னாகக் கிடந்தது. கிருபை மெல்ல முகத்தைத் தூக்கினாள். அந்த நேரம் பார்த்து மைத்துனர், "ஜெபம் பண்ணுவோம்" என்று கையைக் குவித்தார். கண்ணை மூடாமல் இருக்க முடியுமா? மழைக்காக ஸ்தோத்திரம், பயிருக்காக ஸ்தோத்திரம், சக்கரவர்த்திக்குத் தீர்க்காயுசு, சாத்தான்குளத்தில் காய்ச்சலில் கிடக்கும் யாரோ ஒருவருக்குச் சுகம். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் சூரியனைக் காணோம். எதிரே இருந்தவர் முகமே தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கரையேறி, பிறகு சொல்லியனுப்புவதாகச் சொல்லி வண்டியேறிவிட்டார்கள்.

சோறு இறங்கவில்லை. "ஒங்க அண்ணாச்சி காரியத்தையே கெடுத்துட்டாரு" என்று மனைவியிடம் கத்தினேன்.

"எதுக்குச் சத்தம் போடுதீய? ஜெபம் முடியுற வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டேதான் இருந்தாவ. மாப்பிள்ளையோட அம்மையும் நானும் அதப் பாத்துச் சிரிச்சோம்" என்றாள்.

அப்படியானால் அந்தத் தோணியில் கண்ணை மூடியிருந்தது நானும் மைத்துனரும் மட்டும்தான். அவருக்காவது ஜெபம் இருந்தது.