மூன்றாவது வெட்டு

பருத்தித்துறை
20.01.2025

சந்தியோகு அண்ணைக்கு,

சுகம் விசாரிக்க எனக்குத் தகுதியில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன ஆவணியில் மீன் சந்தைக்குப் பின்னால் உங்களை வெட்டியவன் நான். லொறி வில்லுத் தகட்டைப் பட்டறையில் நானே வாளாக்கினேன். முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தோம். நாங்கள் வெட்ட வந்தது எங்கள் பகையாளி ஜெரோசனை; அவனுடைய மோட்டார் சைக்கிள் இலக்கம் மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு நீங்கள் அதை இரவல் வாங்கி ஓடியது தெரியாது.

முதல் வெட்டு ஹெல்மெட்டில். இரண்டாவது தோளில். "டேய், நான் ஜெரோசன் இல்லையடா!" என்று கத்தினீர்கள். கேட்டது. கேட்டும் மூன்றாவதை வெட்டினேன். உங்கள் விரல்கள் போனது அதில்தான்.

இப்போது இரட்சிக்கப்பட்டிருக்கிறேன். சபையில் எழுந்து அழுது சாட்சி சொன்னேன். இயேசு மன்னித்துவிட்டார் என்றார் போதகர். ஆனாலும் பட்டறையில் இரும்பு தீட்டக் கிரைண்டரைப் போட்டால் உங்கள் சத்தம்தான் கேட்கிறது. நீங்களும் மன்னித்ததாக ஒரு வரி எழுதினால் சரியாகிவிடும். இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள்.

நதானியேல்

*

27.01.2025

தம்பி நதானியேல்,

நான் சொல்லச் சொல்ல மனிசி ஜெசிதா எழுதுறா. "உவன் வரட்டும், திருக்கைவால் சவுக்காலை தோலை உரிக்கிறன்" எண்டு நிக்கிறா.

ஒரு கிழமைக்குள்ளை மன்னிப்போ? ஓடரோ குடுக்கிறாய்?

சபையிலை அழுதனி, சரி. கேதீஸ்வரன்ரை பேரைச் சொன்னியோ? நீ செய்ததுக்கு அவன் அஞ்சு மாசமா மறியலிலை, சிறைக்குள்ளை கிடக்கிறான். அடையாள அணிவகுப்பிலை அவனைத் தொட்டுக் காட்டினது நான். துணி கட்டின முகத்தை நான் எங்கை கண்டனான்? இருந்த கோபத்துக்கு ஆரையாவது தொடவேணும் போலை இருந்தது. தொட்டன். போன மாசம் உள்ளுக்கை அவன்ரை தாடையை உடைச்சுப்போட்டாங்கள்.

நான் பங்குச் சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம் செய்துபோட்டு, ஆளைப் பிழையாக் காட்டினதைச் சொல்ல அங்கையிருந்து நேரா சட்டத்தரணியிட்டைப் போறன். நீ எங்கை போறாய்?

சந்தியோகு

*

மறியற்சாலை, யாழ்ப்பாணம்
15.02.2025

அண்ணை,

பொலிஸில் சரணடைந்தேன். மூன்றாவதைத் தெரிந்தே வெட்டினேன் என்றும் சொன்னேன். "அதை ஏன் சொல்லுறாய், விசரா?" என்றார் என் சட்டத்தரணி. வாக்குமூலத்தில் அதையும் எழுத வைத்தேன்.

கேதீஸ்வரனை விட்டுவிட்டார்கள். நீதிமன்ற வாசலில் என்னைக் கண்டதும் பாய்ந்து அடித்தான். மூக்கு உடைந்தது. முன்பல் நாலு போய்விட்டது. நான் கை ஓங்கவில்லை.

சபையில் மறைத்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, ஜெபிக்கும்போது யாரோ கேட்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. உங்களை இனி அவசரப்படுத்தமாட்டேன். மன்னிக்காவிட்டாலும் உங்களில் பிழையில்லை.

நதானியேல்

*

23.02.2025

தம்பி,

கேதீஸ்வரன் வீட்டை போனனான். தாய் விளக்குமாறாலை முகத்திலையே போட்டா. வாங்கினன். பிறகு கேதீஸ் தேத்தண்ணி கொண்டு வந்து வைச்சவன். ஒரு சொட்டும் விடாமல் குடிச்சன்.

உன்னிலை எனக்குக் கோபம் இன்னும் இருக்கு. பொய் சொல்லேலாது. ஆனால் காலமைச் செபத்திலை உன்ரை பேரையும் சொல்லுறன். சில நாள் பல்லைக் கடிச்சுக்கொண்டுதான்.

புதன்கிழமை பாக்க வாறன். ஜெசிதாவும் வாறாவாம். பல்லில்லாதவனுக்கு என்னத்தைச் சமைக்கிறது எண்டு கேக்கிறா.

அண்ணை
சந்தியோகு