நான் கேட்காத வீடு

அன்புள்ள மகன் லாவெலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று விசாரிக்க எனக்கு இடமே வைக்கவில்லை; உன் எடை, உயரம், கைகளை விரித்தால் எவ்வளவு நீளம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எகிறுகிறாய் என்பதையெல்லாம் பத்திரிகைக்காரர்கள் வாராவாரம் அச்சடித்துத் தருகிறார்கள். சந்தையில் குதிரைக்குக்கூடப் பல்லை மட்டும்தான் பிடித்துப் பார்ப்பார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதை மட்டும் யாரும் போடுவதில்லை, ஆகவே அதை நான் கேட்டு வைக்கிறேன். போனிலேயே கேட்டிருக்கலாம்தான். ஆனால் கலிஃபோர்னியாவில் நீ பயிற்சிக்காகத் தங்கியிருக்கும் அறைக்கு எப்போது கூப்பிட்டாலும் உன் மாமா வெண்டல்தான் எடுக்கிறான், "புள்ள பயிற்சிக்குப் போயிருக்கான்க்கா" என்கிறான். விடியற்காலையிலும் பயிற்சி, நடுமத்தியானத்திலும் பயிற்சி. ராணுவத்தில்கூட இவ்வளவு கிடையாது. அதனால்தான் இந்த விரைவுத் தபால். வெண்டல், நீ இதைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தால் இந்த வரியோடு மூடி அவன் கையில் கொடுத்துவிடு.

முதலில் அந்த வீட்டு விவகாரம். நீ இரண்டாம் வருஷத்தோடு கல்லூரியை விட்டு, தொழில்முறைக் கூடைப்பந்து அணிகள் ஆட்களைப் பேர் சொல்லி எடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டாய் என்பதை எனக்குச் சொன்னது நீ அல்ல, பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருக்கும் பெண். "வாழ்த்துகள் மிஸ் எர்னெஸ்டைன், உங்களுக்குப் புது வீடாமே!" என்றாள். பத்திரிகையை வாங்கிப் பார்த்தால் உன் படம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் உன் வாசகம்: "எங்க அம்மாவுக்கு ஒரு வீடு வாங்கணும், அதுக்குத்தான் போறேன்." எனக்கு வீடு இல்லை என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது. இத்தனை வருஷமாக நான் எங்கே தூங்கி எழுந்தேனோ, எந்தச் சுவருக்கு வர்ணம் அடித்தேனோ, உன்னை எந்த வாசலில் நிற்க வைத்துச் சகதி ஷூவைக் கழற்றச் சொன்னேனோ, கடவுளுக்கே வெளிச்சம். அன்றிலிருந்து நம் ஆண்டர்சன் நகரமே எனக்கு வீடு கட்டுகிறது. சபையில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் சிஸ்டர் இமொஜீன் திரைச்சீலைத் துணி மாதிரிகளைக் கொண்டுவந்து மடியில் பரப்புகிறாள். எதிர்வீட்டுக்காரர் நீச்சல்குளம் உண்டா என்று கேட்கிறார். எனக்கு நீந்தத் தெரியாது என்பது அவருக்கு முப்பது வருஷமாகத் தெரியும். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். "எப்படியும் காலி பண்ணிட்டுப் போகப்போறீங்க, இதுக்கெதுக்குத் தண்டச்செலவு?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நீ வாங்கப்போகும் மாளிகையின் புண்ணியத்தில் இருக்கிற வீட்டில் சொட்டுச் சொட்டென்று வடிகிறது.

பிறகு உன் ஏஜெண்ட், திரு. கெஸ்லர், பூங்கொத்தோடு வந்தார். உன்னுடைய ஏஜெண்ட் என்று அவர்தான் சொல்லிக்கொள்கிறார். நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "மேடம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா லாவெல் இன்னைக்கே கையெழுத்துப் போட்டுருவான்" என்றார். போட்டுவிட்டால் மறுபடி கல்லூரி அணியில் பந்தைத் தொட முடியாது என்பதைப் பூங்கொத்தில் சேர்க்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள்தான், பேருந்தை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்து நானாகப் படித்துப் பள்ளி இறுதித் தேர்வில் தேறியவள்தான், ஆனால் அந்த விதிகளைத் தேடி எடுத்து இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அவருக்குக் கதவைத் திறந்தேன். முதல் சுற்றில் எடுத்தால் சம்பளம் உறுதியா என்றேன். "உறுதி, மேடம்." இரண்டாம் சுற்றில் எடுத்தால்? "அது வந்து, ஒரு நல்ல வாய்ப்பு மேடம்." என் பிள்ளையை எந்தச் சுற்றில் எடுப்பார்கள் என்று கேட்டேன். மனிதர் சோபா நுனியிலிருந்து இன்னும் கொஞ்சம் நுனிக்கு வந்தார். வெண்டலிடம் இதைச் சொன்னால், "அக்கா, முழங்கால் ஒருநாள் போச்சுன்னா எல்லாம் போச்சு, சூட்டோட சூடா வாங்கிக்கணும்" என்கிறான். முழங்காலைப் பற்றி அவனுக்குத் தெரியாதா! அவன் முழங்கால் போனது ஆட்டத்தில் அல்ல, பக்கத்து வீட்டுக் கூரையில் டிஷ் ஆன்டெனாவைத் திருப்பப் போய்.

பெயர் கொடுத்த புதிதில் நீ போனில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உன் கோச் இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் சமையலறையில் உட்கார்ந்து, நான் பொரித்த மீனை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "உங்க மகன் பட்டம் வாங்குற வரைக்கும் என் பொறுப்பு" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். இந்த ஏப்ரலில் பெரிய கல்லூரி ஒன்று கூப்பிட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான் பொரித்த மீனின் முள் ஒன்றும் அவர் தொண்டையில் சிக்கவில்லை. "கோச் போனா முன்னேற்றம், நான் போனா அவசரக்குடுக்கையா, அம்மா?" என்று நீ கேட்டாய். கேள்வி நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். அதனால், அவசரப்படாதே என்று நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடாது. ஊரில் ஒருத்தன் வாக்குத் தவறினால் அது அவனோடு போகட்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீயே கூப்பிட்டாய். வெண்டல் குளிக்கப் போயிருந்தான் போலிருக்கிறது. நாலு அணிகள் வரவழைத்து ஆட வைத்துப் பார்த்ததையும், நாலு பேரும் உன் முதுகில் தட்டி, "ஒரு வருஷம் கழிச்சு வா தம்பி, இடது கை இன்னும் பழகல" என்று சொன்னதையும் சொன்னாய். "இங்க இருக்குற பசங்க எல்லாரும் என்னைவிட வேகமா இருக்காங்கம்மா" என்றாய். அப்படியானால் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளேன், நாள் இருக்கிறதே என்றேன்.  "எப்படிம்மா? உனக்கு வீடுன்னு ஊருக்கே சொல்லிட்டேனே. இப்போ திரும்பி வந்தா, அம்மாவுக்கு வாங்கித் தர்றேன்னு சொல்லி ஏமாத்தினவன்னு ஆயிடாதா?" என்றாய். அதற்குள் வெண்டலின் குரல் கேட்டது, நீ வைத்துவிட்டாய். நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். உன்னைத் தடுத்து வைத்திருப்பது கெஸ்லரும் இல்லை, வெண்டலும் இல்லை, நான்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கேட்காத ஒரு வீட்டுக்குள் உன்னைப் போட்டுப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகியிருக்கிறார்கள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். நீ கேள்விப்பட்டிருப்பாய், பட்டிருந்தால் தப்பும் தவறுமாகத்தான் பட்டிருப்பாய். ஆராதனையில் அறிவிப்பு நேரம். டிராஃப்ட் இரவுக்குச் சபையின் கீழ்த்தளக் கூடத்தில் பெரிய திரை, பொரித்த கோழி, நடு நாற்காலி எனக்கு என்று பாஸ்டர் ஹோலிஸ் சொல்லிக்கொண்டே வந்தவர், "நம்ம சிஸ்டர் எர்னெஸ்டைனுக்கு அவங்க புள்ள வீடு வாங்கித் தரப்போறான், எல்லாரும் ஆமென் சொல்லுங்க!" என்றார். கூரை அதிர ஆமென் வந்தது. நான் எழுந்து நின்றேன். ஆனந்தக் கண்ணீர் விடப்போகிறேன் என்று ஒருத்தி விசிறியை நீட்டினாள். "பாஸ்டர், எனக்கு வீடு இருக்கு. உங்களுக்கே வழி தெரியும், போன மாசம்கூட வந்து நான் சுட்ட பீச் பழப் பை சாப்பிட்டுட்டுப் போனீங்க" என்றேன். ஒருத்தரும் ஆமென் சொல்லவில்லை. இமொஜீன் என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "உக்காருடி எர்னி, கடவுள் குடுக்குறதை வேணாம்பாங்களா?" என்றாள். "கடவுள் குடுக்கலடி, இருபது வயசுப் பய குடுக்குறான். துவைச்ச துணிய மடிக்கக்கூட அவனுக்கு நான் வேணும்" என்றேன். சிரித்தார்கள். சிரித்து முடியட்டும் என்று காத்திருந்து, மிச்சத்தையும் சொன்னேன். "என் புள்ள ஆடப் போனாலும் சரி, படிக்க வந்தாலும் சரி, அது எனக்காக இல்ல. அவன் எனக்கு எதுவும் வாங்கித் தர வேண்டியதில்ல. இனிமே என் பேரைச் சொல்லி அவன்கிட்ட எவனாவது வீட்டுப் பேச்சு எடுத்தா, பேருந்தில ஏத்திக் கடைசி நிறுத்தத்துல இறக்கி விட்டுருவேன்." பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு நேராகக் காணிக்கைக்குப் போய்விட்டார். இமொஜீன் இன்னும் என்னோடு பேசவில்லை, துணி மாதிரிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். ஊரில் பாதிப் பேர் என்னைத் திமிர் பிடித்தவள் என்கிறார்கள், மீதிப் பேர் நன்றி கெட்டவள் என்கிறார்கள். சொல்லட்டும். உன்னை ஏமாற்றினவன் என்று சொல்ல இனி ஒருத்தருக்கும் வாய் கிடையாது, எல்லா வாயும் என்மேல் இருக்கிறது.

என் கருத்து உனக்குத் தெரியும்: திரும்பி வா, இடது கையைப் பழக்கு, மிச்ச இரண்டு வருஷத்தை முடி. அதிலிருந்து நான் ஒரு அங்குலமும் நகர மாட்டேன். ஆனால் அது என் கருத்து, உன் கால்கள் உன்னுடையவை. போவதானால், "எனக்கு ஆடணும், அதனால போறேன்" என்று உன் வாயால் சொல்லிவிட்டுப் போ. அதை உன்னால் சொல்ல முடிந்தால், கீழ்த்தளக் கூடத்து நடு நாற்காலியில் வந்து உட்காருகிறேன்; உன் பேர் வந்தாலும் உட்கார்ந்திருப்பேன், வராவிட்டாலும் கடைசிப் பேர்வரை உட்கார்ந்திருப்பேன். வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. திரும்புவதானால், "நான் இன்னும் தயாராகல" என்று சொல்லித் திரும்பு. அம்மா சொன்னாள் என்று சொல்லித் திரும்பாதே. ஒருதடவை என்னைக் காரணம் காட்டியது போதும்.

கர்த்தர் உன் முழங்கால்களைக் காக்கட்டும், யாராவது பேனாவை நீட்டும்போது உன் வலது கையையும் காக்கட்டும். பழம் சாப்பிடு. கடைசியாக ஒன்று, இதை நினைவில் வை. பெயரைத் திரும்ப வாங்க வியாழக்கிழமை மாலை ஐந்து மணி கெடு என்று வெண்டல் சொல்லியிருப்பான். அந்த ஐந்து நியூயார்க்கின் ஐந்து. நீ இருக்கும் இடத்தில் அப்போது மத்தியானம் இரண்டு. அவன் இதை யோசித்திருக்க மாட்டான். எந்த முடிவானாலும் இரண்டுக்கு முன்னால் எடு, கடிகாரம் உனக்காக எடுத்துவிட வேண்டாம்.

உன் அம்மா,
எர்னெஸ்டைன் காஸ்கின்ஸ்