பாதி வழிப் பூங்கா

பிப்ரவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். கேட்டால், ஊரில் பாதிப் பேரை டிரைவிங் டெஸ்டில் பெயில் ஆக்கிய அதே குரலில், "வண்டி ஓடுது, பிரேக்தான் இல்ல" என்பீர்கள். போனில் பேசினால் உங்களுக்குக் களைப்பு வருகிறது, எனக்குக் கோபம் வருகிறது, பக்கத்தில் குழந்தைகள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதனால்தான் கடிதம்.

டாக்டர் என்னிடம் தனியாகப் பேசினார். கணையத்தில் இருப்பதை இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வலியை மட்டும் பார்த்துக்கொள்வோம் என்றார். உங்களிடமும் சொல்லிவிட்டாராம். நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டீர்களாம். நான் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஊரார் சுற்றுலாவுக்கெல்லாம் ஏற்பாடு செய்கிறவள், அப்பாவுக்குச் செய்யக்கூடாதா?

உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் பாதி வழியில் அந்தப் பெரிய பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறதே, அங்கே சந்திப்போம். தலைகீழாய்ச் சுற்றுகிற எதுவும் கிடையாது. பொம்மை ரயில், மெதுவாய்ப் போகும் படகு, குதிரை ராட்டினத்துக்குப் பக்கத்தில் நிழலான ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். பள்ளி நாளில் போகிறோம், கூட்டம் இருக்காது. சக்கர நாற்காலிக்குச் சொல்லியாயிற்று. நடுவில் நீங்கள் படுத்துக்கொள்ள முதலுதவி அறையில் ஒரு கட்டில் தருவதாக அங்குள்ள அம்மாள் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இனிச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கண் மஞ்சளாக இருப்பது தெரியாமல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பித்தநீர் வடிய இடுப்பில் தொங்கும் பையும் குழாயும் மறைகிற மாதிரி நீளமான கோட்டு. நீங்கள் முதலில் வந்து நாற்காலியில் தயாராக இருக்கவேண்டும். நாங்கள் கிளம்பிய பிறகுதான் நர்ஸம்மா உங்களை வண்டியில் ஏற்றவேண்டும். ஆளைத் தூக்கிப் படுக்கவைப்பதைக் குழந்தைகள் பார்க்கக்கூடாது. தாத்தாவுக்கு மூட்டு வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். பெரியவளுக்குப் பத்து வயது, தோண்டித் துருவுவாள். மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்


பிப்ரவரி 11

அன்புள்ள மேனேஜரம்மாவுக்கு,

உத்தரவு கிடைத்தது. கண்ணாடியும் கிடைத்தது. போட்டுப் பார்த்தேன். "சார், யாரையோ கடத்தப் போற மாதிரி இருக்கீங்க" என்றாள் நர்ஸம்மா. அவள் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

வருகிறேன். பேரப்பிள்ளைகளைப் பார்க்க எங்கே கூப்பிட்டாலும் வருவேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பூங்கா வரை வருகிறவர்கள் இன்னும் அவ்வளவு தூரம் வந்தால் என் வீடு. நீ கடைசியாக வந்தது குட்டிப் பேரன் கைக்குழந்தையாக இருந்தபோது. அதன் பிறகு நீ இந்த வாசலை மிதிக்கவில்லை. இங்கே நான் கண்ணாடி இல்லாமல் படுத்திருப்பேன். இரண்டும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தால் எனக்குப் போதும். வேடிக்கைக்கும் குறைவில்லை. எதிர்வீட்டுக்காரன் தினமும் காரைப் பின்னால் எடுக்கத் திணறுவது ஜன்னலில் நன்றாகத் தெரியும். அவனுக்கு நான் பாஸ் போடவில்லை, எவனோ போட்டிருக்கிறான்.

மூட்டு வலி என்று சொல்லியிருக்கிறாயே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். சோறு போதுமா என்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா


பிப்ரவரி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

இப்போதுதான் கொஞ்சம் மூச்சு விடுகிறேன். எல்லாம் நினைத்தபடி நடந்தது. நீங்கள் அப்படிச் சிரித்து நான் எப்போது கேட்டேன் என்றே நினைவில்லை. மோதும் கார்களின் வேலிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு ஒருவர் விடாமல் பெயில் போட்டீர்களே! ஐந்து வயதுக் குட்டியைக்கூட விடவில்லை. பின்னால் பார்க்காமல் திருப்பினான் என்று நீங்கள் பெயில் போட்டதும், அவன் இறங்கி ஓடிவந்து உங்கள் மடியில் ஏறி, இன்னொரு டெஸ்ட் வையுங்கள் என்று அடம்பிடித்தான். நான் அவனைப் பிடுங்கி இறக்கினேன். நீங்கள் முறைத்தீர்கள். மடியில் பை இருக்கிறது அப்பா, வேறொன்றுமில்லை.

படகில் தூங்கிவிட்டீர்கள். உங்கள் தலை தொங்கியதைப் பார்த்துப் பெரியவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். தாத்தா தூங்குவது போல நடிக்கிறார் என்று சமாளித்தேன். அடுத்த தடவை படகு வேண்டாம், ரயில் மட்டும் போதும். மார்ச் கடைசியில் வைத்துக்கொள்வோம். உங்கள் மாப்பிள்ளை இப்போதே லீவு சொல்லிவிட்டார்.

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன். பாருங்கள், யாராவது உங்களை நோயாளி என்பார்களா?

அன்புடன்,
உங்கள் மகள்


மார்ச் 3

அன்புள்ள மகளுக்கு,

போட்டோ பார்த்தேன். குழந்தைகள் அழகு. நடுவில் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் பல்லைக் காட்டுகிறார், அவர் யார் என்று விசாரித்துச் சொல்.

நீ கேட்காததைச் சொல்கிறேன். திரும்பி வந்து அந்த வாரம் முழுக்கக் கட்டிலை விட்டு எழவில்லை. குழாய் போட்ட இடம் புண்ணாகிக் காய்ச்சல் வந்தது. அது போகட்டும், இருக்கிற தெம்பை எதற்காவது செலவழிக்கத்தானே வேண்டும். எதற்குச் செலவழித்தேன் என்பதுதான் உறுத்துகிறது. படகை விட்டு இறங்கியதும் உன் பெண் மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குளிருக்கு இழுக்கிறது என்றேன். அவளிடம் பேச எனக்கு இன்னும் எத்தனை வார்த்தை மிச்சம் இருக்கிறதோ தெரியாது. அதில் ஒன்றை மூட்டு வலிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

எனக்கு ராட்டினம் வேண்டாம். அவர்களை ஒரே ஒரு மத்தியானம் இங்கே அழைத்து வா. தாத்தா இப்படித்தான் இருக்கிறேன், இனிக் கொஞ்ச காலம்தான், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று என் வாயால் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த விருந்தாளிகூடச் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறான். தாத்தா சொல்லாமல் கொள்ளாமல் போகவேண்டுமா? உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். கெஞ்சிப் பழக்கமில்லை, சரியாக வந்திருக்கிறதா என்று தெரியவில்லை.

அன்புடன்,
அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்பது புரிகிறது. முடியாது.

அம்மா போன அன்று எனக்கும் பத்து வயது. நீங்கள் இப்போது படுத்திருக்கும் அதே ஜன்னலோரக் கட்டில்தான். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தீர்கள். எதிர்வீட்டு அத்தை என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தார். "அவ பாக்கட்டும். உண்மைய தெரிஞ்சுக்கட்டும்" என்று அனுப்பிவிட்டீர்கள். அம்மாவின் தொண்டையிலிருந்து அப்போது வந்த சத்தம் என்னை விடவேயில்லை அப்பா. வெந்நீர் கொதித்துச் சத்தம் போட ஆரம்பித்தால் நான் சமையலறையை விட்டு வெளியே வந்து நின்றுகொள்கிறேன். ஏன் என்று உங்கள் மாப்பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது. அம்மா என்று நினைத்தால் வாய் திறந்து கிடந்த அந்த முகம்தான் வருகிறது. அதற்கு முன்னால் அவர் எத்தனையோ தடவை என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். தேடிப் பார்க்கிறேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்களே, இதனால்தான்.

என் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் வேலியோரம் உட்கார்ந்து பெயில் போடுகிற தாத்தா. அவர்களிடமிருந்து அதைப் பிடுங்க உங்களுக்கு உரிமையில்லை.

மார்ச் 28, அதே இடம். கண்ணாடியை மறக்கவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்


ஏப்ரல் 1

அன்புள்ள மகளுக்கு,

ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப் போய்விட்டாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியை ராட்டினத்தில் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். பெரியவள் என் பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சுமிட்டாயைப் பிய்த்து எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். வெயில் கூசும் என்றேன். வெயிலே இல்லையே என்றாள். இல்லைதான். கழற்றினேன். என் மஞ்சள் கண்ணைக் கிட்டே வந்து பார்த்தாள்.

"தாத்தா, செத்துப் போயிடுவீங்களா?"

"ஆமா கண்ணு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அப்போதுதான் அழுதாள். என் தலை படகில் தொங்கிய அன்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். உனக்குத் தெரிந்தால் நீ தாங்கமாட்டாய் என்று வாயை மூடிக்கொண்டு என்னிடம் மூட்டு வலி விசாரித்திருக்கிறாள். நீ அவளைக் காப்பாற்றுவதாக நினைத்தாய். அவள் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

வாக்கு மீறிவிட்டேன் என்பாய். அவள் கேட்டாள், நான் சொன்னேன். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உன் அம்மாவின் கட்டிலைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று உன்னை அத்தை வீட்டுக்கு அனுப்பியிருந்தால், அம்மாவைக் கடைசியாகப் பார்க்கவிடவில்லையே என்று இதே கோபத்தோடு எழுதியிருப்பாய். பெற்றவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளிதான்.

பெரியவள் என் வீட்டைப் பார்க்கவேண்டும் என்றாள். வா என்று சொல்லியிருக்கிறேன். அழைத்து வா.

அப்பா


ஏப்ரல் 10

அப்பா,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை.

பெரியவள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிறாள். விளக்கை அணைக்கவிடுவதில்லை. தம்பி தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வருகிறதா என்று அவன் மூக்கருகில் விரலை வைத்துப் பார்க்கிறாள். என்னிடம் அவள் பேசுவது ஒன்றே ஒன்றுதான். "நீ பொய் சொன்ன." நான் தடுக்கப் பார்த்தது இதைத்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்று நீங்கள் கேலி செய்யலாம். நான் ஒழுங்காகத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசி நேரத்தில் நீங்கள் கையைத் தட்டிவிட்டீர்கள்.

அவளை அழைத்து வரமாட்டேன். உங்கள் வீட்டுக்கும் இல்லை, பூங்காவுக்கும் இல்லை. இப்போதே மூச்சு பார்க்கிறவள் உங்கள் அறைக்கு வந்தால் என்ன ஆவாள் என்று யோசித்தீர்களா?

குட்டிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அவனுக்காக மே முதல் வாரத்தில் இன்னொரு முறை ஏற்பாடு செய்திருக்கிறேன். ரயில்கூட வேண்டாம், நிழலில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும். உங்கள் வண்டி பின்வாசல் வழியாக உள்ளே வர அனுமதி வாங்கிவிட்டேன். இந்த முறை நான் உங்களை விட்டு நகரமாட்டேன். கண்ணாடியைக் கழற்றக்கூடாது.

உங்களைப் பார்க்கவேண்டும் என்று எனக்கும்தான் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

மகள்


ஏப்ரல் 19

மகளுக்கு,

பேனா பிடிக்க முடியவில்லை. நான் சொல்ல நர்ஸம்மா எழுதுகிறாள். எழுத்துப் பிழை அவளுடையது, மற்றதெல்லாம் என்னுடையது.

மே மாத ஏற்பாடு கிடைத்தது. நான் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துவிடாதே. உடம்பு முடியாமல்தான் இரண்டு தடவையும் வந்தேன். மனசு வரவில்லை.

பெரியவளுக்குக் கொடுத்த வாக்கை என்னைக் காப்பாற்றவிடாமல் செய்துவிட்டாய். அவள் பயந்திருக்கிறாள் என்பது எனக்கும் வலிக்கிறது. பயந்த குழந்தையை, பயந்த இடத்துக்கே கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டியிருக்கலாம். உனக்கு அந்த மனம் இல்லை. கோபத்தை விட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்று நர்ஸம்மா சொல்கிறாள். அவளுக்கென்ன, சொல்வாள். கோபத்தோடுதான் போவேன்.

நீ மட்டும் தனியாகக் கிளம்பி வந்து இந்தக் கட்டில் பக்கத்தில் உட்காரவும் வேண்டாம். இன்னொரு கடைசி முகத்தை உன்னால் சுமக்க முடியாது. நர்ஸம்மா எல்லாம் பார்த்துக்கொள்வாள்.

நேற்று நீ ஆபீஸில் இருக்கும் நேரமாகப் பார்த்து உன் வீட்டுக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளைதான் எடுத்தார். பெரியவளைக் கேட்டேன். தூங்குகிறாள் என்றார், நடுப்பகலில். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. அதற்குள் குட்டி போனைப் பிடுங்கிக்கொண்டான்.

"தாத்தா, எல்லாரும் வீட்டுக்குப் போனதும் பூங்காவ பூட்டிடுவாங்கல்ல? அப்பறம் நீங்க எங்க தூங்குவீங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவன் வரும்போதெல்லாம் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவன் போகும்போதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். அவனுக்குத் தாத்தாவின் வீடு அதுதான்.

பொம்மை ரயிலில் தூங்குவேன் என்று சொன்னேன். நானும் பொய் சொல்லிவிட்டேன், உனக்குச் சந்தோஷமா? குளிராதா என்று கேட்டான். கோட்டு இருக்கிறதே என்றேன். சரி என்று வைத்துவிட்டான்.

நீ ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவனைப் பொறுத்தவரை நான் சாகப் போவதில்லை. எனக்காக ஒன்றே ஒன்று செய். நான் போன பிறகு அவனை அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போகாதே. ஒவ்வொரு பெட்டியாக ஏறித் தேடுவான்.

அப்பா