தாரை வார்க்காத கல்யாணம்

ஜூன் 8, ஞாயிறு.

காலையில் மகள் பவித்ராவுடன் தெப்ராவ் கோயில் அலுவலகத்துக்குப் போனேன். அவள் கல்யாணம் எந்த முறையில் என்று இன்று சொல்லியாக வேண்டும். முழுச் சடங்கு என்று போன மாதமே பேசி முடித்திருந்தோம். மனைவியை இழந்தவன் தாரை வார்த்துக் கொடுக்கக் கூடாதாம். அதனால் லாயாங் லாயாங்கிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் வந்து என் இடத்தில் உட்காருவதாக ஏற்பாடு. தம்பி பட்டு வேட்டிகூட வாங்கிவிட்டான்.

எழுத்து வேலை பார்க்கும் கோயில் கிராணி ஃபாரத்தை நீட்டினார்.

"தாரை வாக்கிறது வேணாம் அண்ணே. மாலை, தாலி, அது போதும்லா" என்றாள் பவித்ரா.

"ரொம்பச் சின்னதா போயிடுமேம்மா. அப்போ பொண்ணு வீட்டுப் பக்கம் மேடையில யாரு உக்காருவாங்க?"

"அப்பா."

என்னைப் பார்க்காமலே சொன்னாள். பெற்றோர் பெயர் என்ற இடத்தில் என் பெயரையும் அவள் அம்மாவின் பெயரையும் எழுதிக்கொடுத்தாள்.

எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். பசி மட்டும் இருந்தது. வெளியே வந்து ரொட்டி சானாய் சாப்பிட்டோம். "உங்களுக்கு ஓகேவாப்பா?" என்று கேட்டாள். "ம்" என்றேன்.

சாயங்காலம் தம்பிக்குச் சொல்லிவிடலாம் என்று போன் செய்தேன். அவன் வேட்டியின் கரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். கடைசியில், "அண்ணே, அன்னைக்கு நீ எங்க உக்காருவ?" என்று கேட்டான்.

ஒரு மாதமாக எனக்கே தெரியாமல் இருந்தது. இன்று தெரியும்.

அதைச் சொல்லாமல், வேட்டி என்ன விலை என்று கேட்டேன்.