பன்னிரண்டாவது கதிரை

அண்ணைக்கு,

கதிரை வந்து சேர்ந்தது. போன கிழமை உங்கள் வீட்டு அக்கா அதை மாட்டுவண்டிலில் ஏற்றி அனுப்பிவிட்டார். இறக்கி முற்றத்தில் வைத்ததும் சுறா எண்ணெய் மணம் எழும்பியது. தோணிக்குப் பூசுகிற எண்ணெயைக் கதிரைக் காலுக்குப் பூசுகிற ஆள் இந்தக் கரையில் நீங்கள் ஒருவர்தான். கறையான் வராது என்பீர்கள். கறையான் வரவில்லை, உண்மை. மனிதரும் கிட்ட வர யோசிப்பார்கள், அதுவும் உண்மை. அந்த மணம் மூக்கில் இருக்கும்போதே இதை எழுதத் தொடங்கினேன்.

வண்டில்காரன் அக்காவின் சொல்லையும் கொண்டுவந்தான். "அவர் கண் மூட முதல் சொன்னவராம். பன்னிரண்டாவதை அவளுக்குக் குடுத்துவிடு, இல்லாட்டில் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பாள் எண்டு." கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அன்றுதான். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன் அண்ணை, ஏன் ஒளிப்பான்.

மடலின் தலைப்பில் உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதவும் ஏலாது. உங்கள் பெயரும் என் வீட்டுக்காரரின் பெயரும் ஒன்று. வெருகலில் கோயில் கொண்டிருப்பவருக்கு நேர்ந்து பிறந்த ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் நம் ஊரில் அந்தப் பெயர்தான். கரையில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் நாலு தோணியில் தலை நிமிரும். கட்டினவரின் பெயரைச் சொல்லாத வாய் உங்கள் பெயரையும் சொல்லாது. அதனால் உங்களை நான் "தலைவர்" என்றே கூப்பிட்டேன். கிராம முன்னேற்றச் சங்கத்துக்கு ஒன்பது வருடம் நீங்கள்தானே தலைவர். எனக்கு அது வசதியாக இருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் முற்றிய நாள் உங்களுக்கு நினைவிருந்திருக்கும். எனக்கு அலை வந்த பக்கம்கூட நினைவிருக்கிறது. மூதூர் வழியாகத் திருகோணமலைக்குப் போகிற லோஞ்ச் நம் கரைக்குக் கிட்ட வராது, ஆழம் போதாது. சங்கத்துக் கதிரை ஒன்றில் அவரை இருத்தி, இடுப்பளவு தண்ணீரில் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனீர்கள். கதிரையின் முன் கால் உங்கள் தோளில். நடுவில் ஒரு அலை அடித்துக் கதிரை சரிந்தது. நனைந்த உடம்போடு லோஞ்சில் ஏறினவர் ஆஸ்பத்திரி வாசலைக் காணவில்லை. சாம்பல் கரைத்துவிட்டு வந்த அன்று கரையில் நின்று நீங்கள் சொன்னீர்கள்: "பிள்ளை, இந்த இடத்தில ஒரு துறைமேடை வரும். இனி ஒருத்தரும் தண்ணிக்குள்ளால போகத் தேவையில்லை."

அந்தச் சொல்லுக்காக உங்களைக் கும்பிட்டேன். அடுத்த வருடமே உங்கள்மேல் கோபம் பிடித்தேன்.

என் மூத்தவளின் கலியாணம். தகப்பன் இல்லாத கலியாணம். சங்கத்துக்கு இருந்தது பன்னிரண்டு கதிரை. ஒரு மாதத்துக்கு முன்பே வந்து கேட்டேன். "எடுங்கோ பிள்ளை, இதுக்குக் கேக்கவும் வேணுமோ," என்றீர்கள். கலியாணத்தன்று காலையில் ஆள் அனுப்பினால் அறை வெறுமை. அரசாங்கக் கச்சேரியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று பன்னிரண்டையும் வயல்பக்கத்துக்கு அனுப்பியிருந்தீர்கள். ஒரு சொல் சொல்லவில்லை. திரியாயிலிருந்து வந்த மாப்பிள்ளை பகுதியினர் பாயில் இருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் என்னைப் பார்த்து, "பரவாயில்லை, நாங்களும் பாய்க்குப் பழகின ஆக்கள்தானே," என்றார். அந்த "நாங்களும்" என்ற சொல்லில் வைத்த அழுத்தம் இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

அதற்கு அடுத்த வருடம்தான் அந்தோனிப்பிள்ளை உங்களுக்கு எதிராக நின்றது.

நம் சங்கத்தின் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தலைவர் கரைப்பக்கம், காரியதரிசி வயல்பக்கம். பொதுக்கூட்டத்துக்கு முன்னால் கரைப்பக்கத்தார் மட்டும் கூடி ஒரு பெயரை எடுப்போம். நாம் எடுத்த பெயரை வயல்பக்கம் மறுத்ததில்லை. ஆகவே அந்தச் சின்னக் கூட்டத்தில் வென்றவர்தான் தலைவர். ஒன்பது வருடம் அங்கே உங்கள் பெயர் ஒன்றுதான் விழுந்தது. அந்தோனி பட்டணத்திலிருந்து நம் ஊரில் கலியாணம் கட்டி வந்த பொடியன், மோட்டர் பூட்டின தோணி வைத்திருந்தவன். துறைமேடைக்கு வந்த மரம் கரையில் மழையில் நனைந்து கிடக்கிறது, தலைவர் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வீடு வீடாகக் கதைத்தான்.

அந்தச் சின்னக் கூட்டத்தை நடத்தப் பட்டணத்திலிருந்து இளம் உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார். தேத்தண்ணிக் கடையில் வைத்து அந்தோனிக்கு அவர் புத்தி சொன்னதை நான் கேட்டேன். "தம்பி, வெளியாள் வந்து ஒரு தலைவரை விழுத்தலாம். சொந்தப் பக்கமே விழுத்தினதை நான் ஒரு சங்கத்திலயும் காணேல்லை. வீணா ஏன் பகைக்கிறீர்?"

அந்தோனி சொன்னான்: "அப்ப இண்டைக்குக் காணுங்கோவன்."

நான் அன்று உங்கள் பக்கம் நிற்பதென்றுதான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். கதிரைக் கோபம் கதிரையோடு. துறைமேடை வேறு. அரைவாசியில் நிற்கிற வேலைக்கு ஆளை மாற்றினால் மரம் உக்கிப் போகும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம். கையுயர்த்தினால் சிலர் இரண்டு தரம் உயர்த்துவார்கள், கடதாசித் துண்டில் புள்ளடி போடலாம் என்றார் உத்தியோகத்தர். நீங்கள் விடவில்லை. "எங்கட ஆக்களுக்கு ஒளிப்பு மறைப்புத் தேவையில்லை. ஒவ்வொருத்தரா எழும்பி முகத்துக்கு நேர பெயரைச் சொல்லட்டும்." உங்கள் முகத்துக்கு நேரே எதிராகச் சொல்ல யாருக்குத் துணிவு வரும் என்று நினைத்தீர்கள். நல்ல கணிப்புத்தான். பின்வரிசையில் யாரோ, "தலைவர் எண்டு சொன்னாக் காணாதோ?" என்று கேட்டார். "காணாது," என்றீர்கள். "தலைவர் எண்டது கதிரையின்ர பெயர். நாளைக்கு ஆரும் இருக்கலாம். என்ர பெயரைச் சொல்லுங்கோ."

அந்தச் சொல்லோடு உங்கள் காலை நீங்களே வெட்டிக்கொண்டீர்கள் அண்ணை. பெண்களின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆண்கள் சொல்லி முடிந்தபோது உங்களுக்கு மூன்று கூட. பிறகு பெண்கள். வேறு பெயர்க்காரரைக் கட்டின பெண்கள் மளமளவென்று சொல்லிவிட்டார்கள், அதில் அந்தோனிக்கு நிறைய. பிறகு உங்கள் மனைவி எழும்பினார்.

அக்கா சேலைத் தலைப்பை முறுக்கினார். "எங்கட வீட்டு ஆள்," என்றார்.

"பெயர் அம்மா?"

"அதுதான், எங்கட ஆள்."

"அம்மா, பெயர் எழுத ஒரு இடம் இருக்கு. அதில என்னத்தை எழுத?"

அக்கா உங்களைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், இருந்துவிட்டார். பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிப்பு. நீங்களும் சிரித்தீர்கள், அப்போது. கலியாணம் ஆகாத அந்த உத்தியோகத்தருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பெயர் சொல்லேல்லை" என்று எழுதினார்.

அடுத்தது பாக்கியம். அவளுடைய மாமனாருக்கும் அதே பெயர். உங்களுக்குச் சொல்லத்தான் எழும்பினாள். "கெதியாச் சொல்லுங்கோ," என்று உத்தியோகத்தர் நெருக்க, சொல்லக்கூடியதாக வாயில் இருந்த ஒரே பெயரைச் சொல்லிவிட்டாள். "அந்தோனிப்பிள்ளை." சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இந்த முறை நீங்கள் சிரிக்கவில்லை.

கடைசியாக நான். அந்தோனிக்குப் பதினெட்டு, உங்களுக்குப் பதினேழு. சமமாக வந்தால் இருக்கிற தலைவரே தொடர்வார் என்று உத்தியோகத்தர் முதலே வாசித்திருந்தார். எழும்பினேன். வாய் திறக்கவில்லை. அது சத்தியமாகப் பெயரால்தான். என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம், இருந்தாலும் அந்தப் பெயர் தொண்டையைத் தாண்டி வராது.

அதற்குள் உத்தியோகத்தருக்கு யாரோ காதில் விளக்கம் சொல்லிவிட்டார்கள். "சரி அம்மா, வாயால வேண்டாம். ஆரெண்டு கையால காட்டுங்கோ."

எல்லோரும் நினைத்தது நான் வெட்கத்தில் நின்றேன் என்று. கூட்டம் முடிந்த பிறகு பெண்கள் எனக்காகப் பரிந்து கதைத்தார்கள். "பாவம், செத்த மனிசன்ர பெயர், எப்பிடிச் சொல்லுவாள்." ஆனால் நீங்கள் எனக்கு நேரே இருந்தீர்கள். என் கை உயர்ந்ததைக் கண்டீர்கள். இடுப்பளவு உயர்ந்தது. அப்போது உங்களுக்குப் பின்னால் சுவரோரம் அடுக்கி வைத்திருந்த சங்கத்துக் கதிரைகளை நான் கண்டேன். மாப்பிள்ளையின் தாய் பாயில் கால் மடக்கி இருந்தது கண்ணில் வந்தது. கை இறங்கிவிட்டது.

சத்தம் போடாமல் நீங்கள் எழும்பினீர்கள். தோள் சால்வையால் கதிரையைத் தட்டினீர்கள். "வாரும் தம்பி, இரும்," என்று அந்தோனியைக் கூப்பிட்டீர்கள். அக்காவை இன்னொரு தரம் கேட்கச் சொல்லி ஒருவர் எழும்ப, "நான் வைச்ச சட்டம், நான்தான் தோத்தது," என்று இருத்திவிட்டீர்கள். வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னீர்கள்: "கதிரைக்குக் கதிரை. சரியோ பிள்ளை?"

அதற்குப் பிறகு நாலு வருடம் உங்களோடு நான் கதைக்கவில்லை. பன்னிரண்டு கதிரைக்காக ஒரு தலைவரை விழுத்துவேன் என்று என்னைப் பற்றி நினைத்துவிட்டாரே என்று, அதை ஒரு புதுக் கோபமாகப் பிடித்துக்கொண்டேன். ஊர் முழுக்க என்னை மன்னித்தது. மன்னிக்காதவர் நீங்கள் ஒருவர். கண்டவரும் நீங்கள் ஒருவர். சரியாகக் கண்டவர்மேல் வருகிற கோபம் இலேசில் ஆறாது. இன்னொன்றும் இருந்தது. பெயரும் சொல்ல ஏலாது, இனித் தலைவரும் இல்லை. வழியில் கண்டால் உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மரம் உக்கும் என்று நான் நினைத்தது பிழையாகிப் போனது. கிழமைக்கு இரண்டு தரம் வெள்ளை வேட்டியோடு, கக்கத்தில் கடிதக்கட்டோடு, தண்ணீருக்குள்ளால் நடந்து போய் நீங்கள் லோஞ்சில் ஏறுவதைக் கண்டேன். அந்தோனிக்குப் பட்டணத்துக் கந்தோர்களில் எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். கடிதத்தில் கையெழுத்து அந்தோனி, கொண்டு போகிற கால் நீங்கள். துறைமேடை எழும்பியது. திறந்த நாளில் எல்லோரும் மேலே நடந்தார்கள். நீங்கள் கீழே தண்ணீரில், அந்த அலை அடித்த இடத்தில் நின்று, தூணை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கிட்ட வந்து ஒரு சொல் சொல்ல நினைத்தேன். என்னவென்று கூப்பிட?

என் இளையவளின் கலியாணத்துக்கு நான் ஒருவரிடமும் கதிரை கேட்கவில்லை. பாய் விரித்து வைத்திருந்தேன். காலையில் படலையடியில் மாட்டுவண்டில் நின்றது. வண்டில் நிறையக் கதிரை. மாட்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள்.

நான் வாசலில் நின்றேன். நீங்கள் படலைக்கு வெளியே நின்றீர்கள். கூப்பிடாமல் உள்ளே வருகிற ஆள் இல்லையே நீங்கள்.

"என்ன பிள்ளை, இண்டைக்கும் வாய் திறக்காதோ?"

"என்னெண்டு கூப்பிட?" என்றேன். "பேர் சொல்ல ஏலாது. தலைவரும் இல்லை."

நீங்கள் மாட்டின் முதுகில் கை வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். "என்ர மனிசிக்கும் உமக்கும் ஒரே வருத்தம். அண்ணை எண்டு கூப்பிட்டால் வாய் வெந்தே போகும்?"

"வாங்கோ அண்ணை," என்றேன்.

இறக்க இறக்க எண்ணினேன். பதினொன்று. "ஒண்டு குறையுது," என்றேன். ஒன்றின் கால் உடைந்துவிட்டது, திருத்தித் தருகிறேன் என்றீர்கள். என் கையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இல்லை. நானும் சொல்லவில்லை. வாய்தான் மூடியது என்று ஊர் நம்பட்டும் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டோம்.

புயலில் சங்கக் கட்டிடம் போனபோது மிஞ்சின கதிரைகளைப் பங்கிட்டார்கள். கால் திருத்தின கதிரை உங்கள் வீட்டுக்குப் போனது. கடைசிவரை அதில்தான் இருந்தீர்கள் என்று அக்கா சொன்னார்.

இன்று பின்னேரம் அக்கா வந்தார். நாங்கள் இருவரும் பாயில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். அந்தோனி படலையைத் திறந்துகொண்டு வந்தான். தலை நரைத்துவிட்டது, முழங்கால் நோகிறது என்று தடி பிடிக்கிறான். கதிரையைக் கண்டதும் அதன் பக்கம் போனான். இருக்கப் போனவன் நின்று மூக்கைச் சுளித்தான்.

"இது ஆரின்ர கதிரை?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு. பிறகு நான் கையைத் தூக்கித் துறைமேடைப் பக்கம் காட்டினேன். தோளுக்கு மேலே, நீட்டி. அவன் பார்த்து முடிக்கும்வரை கை இறங்கவில்லை.

அந்தோனி தடியைச் சுவரில் சாத்திவிட்டு, மெல்ல முழங்காலை மடக்கி, எங்களோடு பாயில் இருந்தான்.